அது என் முடி

என் வயதுக்காரர்களே, இதைப் படிக்கும் முன் ஒருமுறை எழுந்துபோய் உங்கள் சீப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை முடி சிக்கியிருக்கிறது? எனக்கு இன்று காலை நான்கு. நான்கையும் எடுத்து, விரலில் சுற்றி, காகிதத்தில் மடித்துத்தான் குப்பையில் போட்டேன். "முடிக்குப் போயி பார்சல் கட்டுறீங்களே அத்த" என்று மருமகள் சிரிக்கிறாள். அவள் சலூனுக்குப் போனால் தரையில் கிடக்கும் தன் முடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருகிறவள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. என் தலையிலிருந்து போன முடி எங்கெங்கே போனது என்று எழுபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பியூட்டி பார்லர் ஏது? கல்யாணப் பெண்ணுக்கு அத்தைக்காரியோ சித்திக்காரியோ ஒரு கை எண்ணெயை வைத்து வாரி, மஞ்சளைப் பூசி, கண் நிறைய மையை அப்பி மணவறைக்குத் தள்ளிவிடுவார்கள். பெண் அழுதால் மை கழுத்துவரை இறங்கும். அதுதான் அலங்காரம். அந்தக் காலத்தில் பெண்ணை ஜோடிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா.

சின்னப்பா சயாமுக்கு மர வேலைக்குப் போனவர். முதல் வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சின்னம்மா தாலியும் குங்குமமுமாகத்தான் இருந்தார். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். எங்கள் குவாட்டர்ஸில் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஆறு பேர். "அக்கா புருஷன் சோத்துல எத்தன நாளைக்கு ஒக்காந்திருக்கிறது?" என்று சின்னம்மா தானாகவே கிளம்பிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் ஒரு சீனரின் போட்டோ கடை இருந்தது. கடையைப் பெருக்கி, படம் எடுக்க வருகிற பெண்களுக்குத் தலை வாரிவிட்டால் பின்கட்டில் ஓர் அறையில் இருந்துகொள்ளலாம் என்று பேச்சு.

தொழில் அங்கேதான் பிடிபட்டது. நம் பெண்கள் முகம் முழுக்க மஞ்சளோடு வந்து கேமராவுக்கு முன்னால் உட்காருவார்கள். அந்தக் காலத்துப் படத்தில் மஞ்சள் கறுப்பாக விழும். குங்குமமும் வெற்றிலை போட்ட உதடும் அதைவிடக் கறுப்பாக விழும். கடை முதலாளி தவுக்கே தலையில் அடித்துக்கொள்வார். "கூனிங் தாக் பாகுஸ் லா! மஞ்ச வேணாம்!" என்பார். கழுவச் சொன்னாலோ பெண்ணின் அம்மா சண்டைக்கு வருவார், மங்கலம் போய்விடுமாம். சின்னம்மா இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தினார். காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு தீற்று மஞ்சள் வைத்தார். முகத்துக்கு, சீனப் பெண்கள் பூசுகிற அரிசி மாவுப் பெடாக் பவுடரில் சந்தனம் கலந்து, நம் நிறத்துக்குத் தக்கபடி விரல் நுனியால் ஒற்றினார். அந்தப் படங்களைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சரி சொன்னார்கள். சரி சொன்ன வீடுகள் கல்யாணத்துக்கும் சின்னம்மாவையே கூப்பிட்டன.

அவர் கை பழகிய உடம்பு என்னுடையது. பல்லில் நூலைக் கடித்து முகத்துப் பூனைமுடியை எடுக்கும் வித்தையை ஒரு சீனப் பெண்ணிடம் பார்த்துவிட்டு வந்து, முதலில் என் முழங்கையில் செய்து பார்த்தார். நான் போட்ட கூச்சலில் தவுக்கே கேமராவை விட்டுவிட்டு ஓடி வந்தார். கொண்டை போடுவது, ஜடை தைப்பது, ராக்கொடி நிற்க வைப்பது எல்லாவற்றுக்கும் என் தலைதான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் அவருடைய பிஸ்கட் டின் திறந்திருக்கும். அதைத் திறந்தால் பூலாங்கிழங்கும் முகத்துக்குப் பூசும் ஸ்நோவும் காய்ந்த மல்லிகையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இந்த வயதிலும் எந்தக் கடையிலாவது அதில் பாதி வாசனை வந்தால் நான் அங்கே நிற்க மாட்டேன்.

என் ஒன்பதாவது வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் முடியை எடுத்துவிடச் சொன்னார்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, அடர்த்தி, வெயிலில் பிடித்தால் நுனியில் மட்டும் செம்பட்டை. அம்மா வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அதே முடிதான். ஆஸ்பத்திரி ஆயா கத்தரிக்கோலோடு வந்தபோது சின்னம்மா அவளைத் தடுத்து, காய்ச்சலில் கிடந்த என் தலையைத் தன் மடியில் வைத்து, கடைசியாக ஒருமுறை வாரிப் பின்னி, பிடரியோடு வெட்டினார். "வளந்துடும் கண்ணு, வளந்துடும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். மிச்சத்தை ஆயா மொட்டையாக வழித்தாள். சின்னம்மா பின்னலைச் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார்.

நான் பிழைத்து வீடு வந்தேன். அதற்குள் என் முடி சவுரியாகிவிட்டது. சீயக்காயில் அலசி, வேர்ப்பக்கம் ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பு நூலால் இறுகக் கட்டி, மூன்று கற்றையாகச் சின்னம்மா அதைச் செய்திருந்தார். குட்டை முடிக்காரப் பெண்ணுக்கு அதை வைத்துப் பின்னினால் பிறவி முடி என்றுதான் யாரும் சொல்வார்கள். சீனக் கடையில் கிடைத்த முடி கம்பி மாதிரி நேராக நிற்கும், நம் முடியோடு சேராது. அதனால் சின்னம்மாவின் சவுரிக்குப் பெயர் வந்தது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று அது பதினொரு கல்யாணம் போயிற்று. மூன்றுக்கு நானும் போனேன். என் பின்னல் யாரோ ஒருத்தியின் முதுகில் ஏறி, என்னைத் திரும்பிப் பாராமல் மணவறைக்குப் போகும். நான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு பார்ப்பேன். பெருமையாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

எங்கள் வரிசைக்கு எதிரே பெரிய கிராணி வீடு. ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் தலைமைக் குமாஸ்தா அவர். அவருடைய மகளுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். மாங்காய்க்கு உப்பும் மிளகாயும் தொட்டு வேலிக்கு மேலே எனக்கு நீட்டுவார். அந்த அக்காவுக்கு முகம் அத்தனை அழகு, முடிதான் எலிவால். சின்னம்மா ஜோடித்து எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அவருக்குச் சம்பந்தம் முடிந்தது. ஒரு நாள் என் தலையில் முளைத்திருந்த முள்ளுமுடியை அக்கா தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏ குட்டி, என் கல்யாணத்துக்கு ஒன் பின்னல்தான் வைப்பேன். குடுப்பியா?"

"குடுப்பேன். ஆனா திருப்பித் தந்துடணும்" என்றேன்.

"தந்துடுறேன்லா" என்று சிரித்தார். சின்னம்மாவும் பக்கத்தில் இருந்து, "ஒனக்கு வைக்காம யாருக்கு வைக்கப்போறேன்?" என்று வாக்குக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த அக்கா இறந்துவிட்டார். எனக்கு வந்த அதே காய்ச்சல், அதே வார்டு. அவருடைய முடியையும் எடுத்திருந்தார்கள். நான் அன்று போட்டோ கடையில் இருந்தேன். மத்தியான வெயிலில் கிராணியின் மனைவி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு. என் அம்மாவும் செய்தி கேட்டுப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டார்.

"வந்து ஜோடிச்சி விடு" என்றார் கிராணியம்மா. "கல்யாணம் பத்து நாள் முன்னால வந்துருச்சின்னு நெனச்சிக்க. எம் பிள்ளய மொட்டத் தலையோட அனுப்ப மாட்டேன். நீ வாக்குக் குடுத்த."

கன்னி கழியாமல் போன பெண்ணுக்குக் கல்யாணக் கோலம் செய்துதான் அனுப்புவார்கள், உங்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொந்தக்காரக் கிழவி யாராவது செய்வார். மறுநாள் இன்னொரு வீட்டில் மணப்பெண்ணைத் தொடப்போகிற கை அதைச் செய்யாது. அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"போவாதடி. போனா இத்தோட ஒன் தொழில் போச்சி. ஒருத்தியும் ஒன்ன வாசப்படி ஏத்த மாட்டா."

"அந்தப் பிள்ள என்கிட்டதானேக்கா கேட்டுச்சி" என்று சின்னம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளைச் சாவு வீட்டுக்கு விடவில்லை. நான் கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்தேன். பாடையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சிவப்புக் கூறைச் சேலை, நெற்றிச்சுட்டி, தூங்குகிறவர் முகம். முன்பக்கமாக எடுத்துப் போட்ட நீளப் பின்னல், அதன் நீளத்துக்கும் மல்லிகை. தூக்குகிறவர்கள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பின்னல் மட்டும் லேசாக ஆடியது. அது என் முடி என்று எனக்குத் தெரியும். பிடரியை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. இன்றுவரை மழை நாளில் எனக்கு அந்த இடம் சில்லிட்டுப் போகிறது, நம்பினால் நம்புங்கள்.

அதன்பிறகு சின்னம்மாவைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். பெண்கள் திரும்பும் தெருமுனையில் பாடையை நிறுத்தி நகைகளைக் கழற்றிவிடுவார்கள் அல்லவா, சவுரியையும் கழற்றித் திரும்ப டின்னில் போட்டுக்கொண்டாரோ என்று குழாயடியில் பேச்சு. அந்த நாட்களில் சின்னம்மா எப்போதும் முந்தானையைத் தலையில் இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் ஊசி குத்தியிருந்தார். தலைவலி என்றார். "சாவு வீட்டுல எதையோ பாத்துப் பயந்துட்டா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கவலைப்பட்டது ஒன்றுக்காகத்தான். "சின்னம்மா, என் முடி எங்க?" என்று கேட்டேன். "பத்திரமா இருக்கு கண்ணு" என்றார்.

கிள்ளானில் ஒரு கல்யாணம் மட்டும் முன்பே பேசியிருந்தது. மளிகைக் கடைக்காரர் வீடு. மேரு ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லாம் அவரிடம்தான் சாமான் வாங்குவார்கள், பெரிய கல்யாணம். அது ஒன்று நன்றாக முடிந்தால் வாய்கள் எல்லாம் அடங்கிவிடும் என்று சின்னம்மா அம்மாவிடம் சொன்னார். பெண்ணின் பெரியம்மா எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் ஐந்தாவது வீடு. கிராணி வீட்டுச் சாவுக்கும் வந்திருந்தவர். அவர் யோசித்து யோசித்துத்தான் சரி சொன்னார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா முதுகில் இரண்டு வைத்தும் கேட்கவில்லை. அந்த இரண்டை இருபதாக வைத்து என்னை வீட்டிலேயே பூட்டியிருக்கலாம்.

கல்யாண வீட்டு உள்ளறையில் பெண் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சின்னம்மா முகத்தை முடித்துவிட்டார். அத்தனை அழகாக அவர் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. அடுத்து ஜடை. டின்னிலிருந்து வெள்ளை மல் துணியைப் பிரித்துச் சவுரியை எடுத்தார்.

பெரியம்மா கேட்டார். "சவுரி புதுசுதானே?"

"புதுசுதான்க்கா. இந்தப் பொண்ணுக்குன்னே கட்டுனது."

பெரியம்மா தலையாட்டிவிட்டார். அத்தோடு முடிந்திருக்கும். சின்னம்மா அதைப் பெண்ணின் முடியோடு சேர்த்துப் பின்னி முடித்தபோது நான் கிட்டே போனேன். ஜன்னல் வெயில் பின்னலின் நுனியில் விழுந்தது. நுனி செம்பட்டை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! அந்த அக்காவோடு மண்ணுக்குப் போகவில்லை, சின்னம்மா சொன்னபடியே பத்திரமாகத்தான் இருக்கிறது.

"இது என் முடி!" என்று கத்தினேன். "பெரியம்மா, இது என் முடி. பதினோரு கல்யாணத்துக்குப் போயிருக்கு. கிராணி வீட்டு அக்காவுக்கு வச்சதும் இதான்!"

வெளியே மேளக்காரர்கள் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள். பெண் தன் பின்னலைத் தொட்டுவிட்டுச் சுட்டதுபோலக் கையை எடுத்தார். பெரியம்மா பாய்ந்து வந்து பூவோடு சேர்த்துப் பின்னலைப் பிய்த்தார்.

"பொணத்துத் தலையில வச்சதயா எம் பிள்ள தலையில வைக்கிற? நீ உருப்படுவியா?"

"இது அது இல்லக்கா. சத்தியமா இல்ல. பிள்ள தெரியாம சொல்லுது."

"சின்னப் பிள்ள பொய் சொல்லுமா? அது இல்லன்னா, இது யாரு முடி? சொல்லு!"

சின்னம்மாவின் கை காதுக்கு மேலே, முந்தானை ஊசிக்குப் போயிற்று. விரல் ஊசியைத் தொட்டது. அவர் கண்ணாடியில் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பெண் அழ ஆரம்பித்திருந்தார், ஆனாலும் அந்த மை கலையவில்லை. சின்னம்மா கையைக் கீழே இறக்கிவிட்டார்.

"சொல்ல முடியாதுக்கா" என்றார்.

சவுரியை ஒரு குச்சியால் தூக்கிக் கொல்லைப்புறம் சாம்பல் குவியலில் எறிந்தார்கள். சின்னம்மா போய் எடுத்து, உதறி, மல் துணியில் சுற்றி டின்னில் வைத்துக்கொண்டார். அதையும் பத்துப் பேர் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டதே அவர் செய்த குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். ஜன்னல் காற்று வேகமாக அடித்தது, கல்யாண வீட்டில் அவர் ஊசியைத் தளர்த்தியிருந்தார் போலிருக்கிறது. முந்தானை நழுவித் தோளில் விழுந்தது. உள்ளே முடியே இல்லை. என்னுடையதைவிடக் குட்டையாக, கண்ணாடி பார்க்காமல் தானே வெட்டிக்கொண்ட மேடுபள்ளத் தலை.

எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. செம்பட்டை நுனி எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் உண்டு என்றுதான் முன்பே சொன்னேனே.

"ஒன் முடி அந்தப் பிள்ளகூடப் போயிடுச்சி கண்ணு" என்றார் சின்னம்மா. "நகையக் கழட்டும்போது, சவுரிய எடுக்க வேணாம்னு அவ அம்மா காலப் புடிச்சாங்க. எடுக்கணும்னு எனக்கும் தோணல. ஊர்லேருந்து முடி கப்பல்ல வர மூணு மாசம் ஆவும். இந்தக் கல்யாணம் மூணு வாரத்துல. அதான்."

"ஏன் சின்னம்மா சொல்லல? முக்காட்ட எடுத்துக் காட்டியிருந்தா விட்டிருப்பாங்கல்ல?"

"மணவறைக்குப் போவப்போற பொண்ணு முன்னால அறுத்தவ மாதிரி மொட்டத் தலையக் காட்டச் சொல்றியா? ஒங்க சின்னப்பா இருக்காரா இல்லையான்னே தெரியாம நிக்கிறவ நான். காட்டுனா, ஆமா, பொணத்து முடி இல்ல, விதவ முடின்னுதான் சொல்லியிருப்பாங்க. அந்தப் பொண்ணு ஆயுசு பூரா அதையே நெனச்சிக்கிட்டு இருக்கும்." முந்தானையை எடுத்து மறுபடி சுற்றிக்கொண்டார். "நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. முதலில் வாயைத் திறந்தது யார் என்று கேட்பார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு வாக்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. சின்னம்மா இருக்கும்வரை வர மாட்டோம் என்று பெண்களின் அம்மாமார்கள் போட்டோ கடையிலும் சொல்லிவிட்டார்கள். தவுக்கே இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு அறையைக் காலி செய்யச் சொன்னார். சின்னம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது காய்ச்சல் வார்டு. காய்ச்சல்காரர்களின் தலைமுடியை வெட்டுவது அவர் வேலை. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒருமுறை வாரிப் பின்னிவிடுவாராம், அவரோடு வேலை பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். தன் முடியை அவர் மறுபடி வளர்க்கவே இல்லை. "ஒரு சவுரிய விட மனசு வராம நல்ல தொழிலக் கெடுத்துக்கிட்டா. பேராச" என்று என் அம்மா சாகும்வரை சொன்னார். தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில் மருந்தில்லாமல் சின்னம்மா அந்த வார்டிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது இருபது வயது. அவர் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின் இருந்தது. திறந்தேன். ஸ்நோ காய்ந்து கட்டியாகிவிட்டது, வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அடியில் மல் துணி. சவுரியில் இன்னும் ஒரு மல்லிகைக் காம்பு சிக்கியிருந்தது, கிள்ளான் மல்லிகை.

குளிப்பாட்டிய ஆயாமார்கள் குட்டை முடியைத் துணியால் மூடிவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அவருடைய தலையை என் மடியில் எடுத்து வைத்து, வாரினேன். சவுரியைச் சேர்த்துப் பின்ன எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, எத்தனை நாள் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் ஒரு தீற்று மஞ்சள், நெற்றியில் குங்குமம். பின்னலை முன்பக்கம் எடுத்துப் போட்டேன். நுனியில் அந்தச் செம்பட்டை.

"எவ்ளோ நீளம்! யாரு முடிம்மா இது?" என்று ஓர் ஆயா கேட்டாள்.

"அவங்க முடிதான்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். பிறகு கத்தினேன். "அவங்க முடிதான்! அவங்க சொந்த முடி!" வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்களில் கிள்ளான் கல்யாணத்துக்கு வந்தவர் ஒருவரும் இல்லை.